இருபத்துநாலு வாய்

வண்டியில் சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்லும் அந்த மஞ்சள் விளக்கு முதல் தடவை எரிந்தது ஆலங்குறிச்சி மதகடியில். தை மாதக் கடைசி. ஏரியில் பாதித் தண்ணீர் கிடந்தது. ஆபீஸ் முடிந்து அரியலூரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கமலவேணி, வீடு கூப்பிடு தூரம்தானே என்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரம் அது முந்திரிக்காட்டுத் திருப்பத்திலேயே எரிந்தது. மாசி பிறந்ததும் செந்துறை பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டது. மாசிமகத்தன்று புளியமரத்து வளைவு. பங்குனி முதல் வாரத்தில், அரியலூரை விட்டுக் கிளம்பி ஐந்தாறு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எடைமேடைக்குப் பக்கத்தில் எரிந்தது. விளக்கு வீட்டிலிருந்து ஆபீசை நோக்கி வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டால் ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டு, வராதே என்று சொல்லும்போல இருந்தது.

அது கரண்டில் ஓடும் கார். முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். பின்னால் இரண்டு பிள்ளைகளை மடக்கி வைக்கலாம். பெங்களூரில் யாரோ ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஐந்து வருடம் ஓடி, அவர்களுக்கு அலுத்துப்போன பிறகு, அங்கே கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கும் தம்பி பழனிவேல் வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பியது. கிளட்சு கிடையாது, கியர் கிடையாது. வலது காலுக்கு மட்டும்தான் வேலை. அதற்காகத்தான் வாங்கியதே. கமலவேணிக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலை எடுத்துக்கொண்டு போயிருந்தது. இடுப்பிலிருந்து பாதம் வரை இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் போட்ட கேலிப்பரில்தான் அந்தக் கால் நிற்கும்.

வண்டிக்குச் சத்தமே கிடையாது. ஊர்க் கோழிகளுக்குக்கூட அதன்மேல் மரியாதை இல்லை. ஹாரன் அடித்தால்தான் நகரும். ஆனால் கமலவேணிக்கு அது வந்த இரண்டு வருடமும் ராஜபோகம். அதற்கு முந்தைய பதினோரு வருடம் அவள் பஸ்ஸில் போனவள். பஸ் படி அவள் இடுப்புக்கு நிற்கும். கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கி மேலே போடுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். யாராவது ஒருத்தர் பின்னாலிருந்து கையைக் கொடுப்பார். அந்தக் கை எங்கே படும் என்று சொல்ல முடியாது. இப்போது வீட்டு வாசலில் ஏறினால் ஆபீஸ் வாசலில்தான் இறங்குவாள். ஆபீசில் டைப்பிஸ்ட். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவளும் மற்றவர்களும் ஒன்றுதான்.

வீட்டில் அவளும் அம்மா சின்னம்மாளும் மட்டும். அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது. சின்னம்மாளுக்கு அறுபத்து மூன்று வயது. இந்தப் பங்குனி வெயிலிலும் முந்திரிக்காட்டுக்குக் கொட்டை பொறுக்கப் போகிறவள். கொட்டையிலிருந்து கசியும் முந்திரிப்பால் பட்டுப் பட்டு அவள் விரல்நுனிகளில் தோல் உரிந்து கறுத்திருக்கும். அந்தக் கையாலேயே கம்பு இடித்து, கூழ் காய்ச்சி, கருவாட்டுக் குழம்பும் வைத்துவிட்டு, மகள் வருகிற நேரத்துக்கு மதகடியில் வந்து நிற்பாள். சத்தமில்லாத வண்டி என்பதால் வீட்டிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆனால் வந்த நாள் முதல் ஒரு தடவைகூட அவள் அந்த வண்டியில் ஏறியதில்லை.

"ஏறும்மா, வூட்டு வரைக்கும் வா" என்று மகள் கதவைத் திறப்பாள்.

"என் கனம் வேற என்னாத்துக்கு அதுக்கு? நீ போ. நான் பொடி நடையா வந்துடுறேன்."

பழனிவேலுக்குப் போன் போட்டு விளக்கு விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, மொதல்ல லைன் வோல்டேஜ் பாரு. நம்ம ஊர்ல சாயங்காலமானா குண்டு பல்பு மண்ணெண்ணெ வெளக்காட்டம் எரியும். சார்ஜரு பாவம், அது என்னா பண்ணும்?"

லைன்மேன் தமிழழகன் வந்து பார்த்தான். அவன் சொன்னதும் அதுதான். எல்லாரும் மோட்டார் போடுகிற நேரத்தில் ஊருக்கே வோல்டேஜ் சுருண்டு படுத்துவிடுகிறது. டிரான்ஸ்பார்மரில் ஏதோ மாற்றி வைத்துவிட்டுப் போனான். மறுநாள் விளக்கு எடைமேடையைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் தள்ளி எரிந்தது. அதற்கடுத்த நாள் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அந்தப் புதன்கிழமை வண்டி முந்திரிக்காட்டுத் திருப்பத்தில் நின்றேவிட்டது. முதலில் விளக்கு, அப்புறம் ஆமை வேகம், அப்புறம் ஒன்றுமில்லை. கடலைச்செடி ஏற்றிப்போன டிராக்டர்க்காரர் கயிறு போட்டு வீடு வரை இழுத்துக்கொண்டு வந்தார். தெருவே பார்த்தது. அன்றைக்கே செய்தி பெங்களூருக்கும் போய்விட்டது.

"அக்கா, சொல்றதக் கேளு" என்றான் பழனிவேல். "எட்டு பேட்டரியும் புதுசா போடுறதுன்னா வண்டி வாங்குன வெலைக்கு வந்துடும். அதுவும் நம்ம பக்கம் கெடைக்காது. இங்க ஒரு காலேஜில, பிரிச்சுப் பாத்துப் படிக்கப் பசங்களுக்கு வேணும்னு கேக்குறாங்க. ஞாயித்துக்கெழம லாரியோட வரேன். ஏத்தி விட்டுடலாம்."

"அப்ப நான் ஆபீசுக்கு?"

"அரியலூர்லயே ஒரு ரூம் எடுத்துக்க. அம்மாவ நான் இங்க கூட்டியாந்துடுறேன். அந்த வயசுல அவங்க தனியாவா கெடப்பாங்க?"

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் கமலவேணிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சின்னம்மாளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. கையை நிறுத்தாமலே சொன்னாள்:

"பெங்களூருல மூணாவது மாடியாமே. நான் அங்க போயி என்னா பண்ணுவேன், சன்னல்ல நின்னு ரோட்டப் பாத்துக்கிட்டு?"

வெள்ளிக்கிழமை கமலவேணி லீவு போட்டாள். செந்துறையில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அய்யம்பெருமாளுக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர், லாரி எதுவானாலும் பேட்டரி என்றால் அவர்தான். ஆள் நல்ல கனம். ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் சட்டையெல்லாம் பூச்சி அரித்த மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். டி.வி.எஸ். வண்டியில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"எட்டும் எங்கம்மா இருக்கு?"

"சீட்டுக்கு அடியில, அண்ணே."

இரண்டு முன்சீட்டையும் தூக்கி, மூடியைக் கழற்றினார்கள். எட்டு பேட்டரி, ஒவ்வொன்றும் ஆறு வோல்ட். ஒவ்வொன்றிலும் மூன்று அறை, ஒவ்வொரு அறைக்கும் தண்ணீர் ஊற்ற ஒரு வாய். அய்யம்பெருமாள் குனிந்து எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இருபத்துநாலு வாயி. பெரிய குடும்பம்தான்."

முதலில் கம்பி இணைப்புகளைப் பார்த்தார். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. "பெரியம்மா, கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வையுங்க. ஆப்ப சோடா இருந்தா கொஞ்சம் போட்டுக் கொண்டாங்க" என்றார். சின்னம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள். பழைய பல் பிரஷ்ஷால் எல்லாவற்றையும் தேய்த்து, நட்டுகளை முறுக்கி, கிரீஸ் தடவினார். முள் ஆடும் பழைய மீட்டரை எடுத்து ஒவ்வொரு பேட்டரியாக வைத்தார். எட்டும் ஆறே கால், ஆறே கால் என்றே காட்டியது.

"அப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கா?" கமலவேணி மீட்டரை எட்டிப் பார்த்தாள்.

"சும்மா குந்திக்கிட்டு இருக்கயில எல்லாரும் பயில்வான்தாம்மா. மூட்டையத் தூக்கச் சொன்னாத்தான் தெரியும், யாருக்கு இடுப்பு நிக்கிதுன்னு. வண்டிய ஓட்டணும். ஓட்டையிலயே பாக்கணும்."

அதற்கு அவர் செய்த ஏற்பாடு அந்தத் தெரு அதுவரை பார்க்காதது. எட்டு பேட்டரியின் முனைகளிலும் நீளமான ஒயர் கட்டி, எல்லாவற்றையும் பின்சீட்டுக்கு இழுத்து, ஒவ்வொன்றிலும் துணி கிழித்து நம்பர் எழுதித் தொங்கவிட்டார். மேலே முன்சீட்டைப் போட்டு மூடினார். அப்புறம், இரண்டு பிள்ளைகள் உட்காரும் அந்தப் பின்சீட்டில் தானே ஏறினார். தலையைக் குனிந்து, முழங்காலை மோவாயில் முட்டுக்கொடுத்து, மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது வண்டி பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். கதவை எப்படிச் சாத்துவது என்பதே ஒரு பிரச்சினையாக இருந்தது.

"ஏரிக்கர மேட்டுல ஏத்துங்க."

கமலவேணி ஏற்றினாள். மேடு பிடிக்கும்போது வண்டி முனகியது. பின்னாலிருந்து அய்யம்பெருமாள் கோயில் பூசாரி மாதிரி உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"ஒண்ணு, அஞ்சே முக்கா! ரெண்டு, அஞ்சே முக்கா! மூணு... மூணு, நாலரை! நிறுத்தாதீங்க, ஏத்துங்க! நாலு, அஞ்சு! இல்ல, எறங்குது, நாலே முக்கா! அஞ்சு, அஞ்சரை!"

மேட்டு உச்சியில் விளக்கு எரிந்தது. வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கமலவேணி வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கீழே ஏரியில் கொக்குகள் நின்றன. எருமை ஒன்று சேற்றில் கிடந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, அந்த எருமைமேல்கூட.

"மூணு, நாலு, ஆறு" என்றார் பின்னாலிருந்து. "மூணும் படுத்துடுச்சு. மத்த அஞ்சும் தேறும். ஒரே கயித்துல கட்டுன மாடும்மா இதுங்க. ஒண்ணு படுத்தா எல்லாம் நிக்கணும். என்னைய மொதல்ல எறக்கி விடுங்க, காலு மரத்துப் போச்சு."

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் குழாயை எடுத்தார். நுனியில் ரப்பர் மூக்கும் உள்ளே ஒரு மிதவையும் உள்ள குழாய். மூன்றாம் நம்பர் பேட்டரியின் வாயைத் திறந்து உறிஞ்சினார். குழாய்க்குள் வந்த நீர் கலங்கலாக, கழுநீர் நிறத்தில் இருந்தது. ஆசிட்டில் சத்து இருந்தால் எழும்ப வேண்டிய மிதவை எழும்பவே இல்லை. அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"என்னா தண்ணிம்மா ஊத்துறீங்க?"

"ஒங்க கடைத் தண்ணிதான்."

"எங்க கடைத் தண்ணி இப்புடி இருக்காது."

"ஒங்க கடை கேன்தான் அண்ணே வாங்குறோம். வேற எங்க வாங்குவோம்?" அவள் குரல் தடித்தது. "ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. டிஸ்டில் வாட்டர்னு லேபிள் ஒட்டிட்டு, போர்த் தண்ணியப் புடிச்சு விக்கிறாங்கன்னு. இத்தன நாளு நான் நம்பல."

அய்யம்பெருமாள் முகம் சுண்டிப்போனது. கோபப்படுகிற ஆளில்லை, ஆனால் இருபத்தைந்து வருடத் தொழில். குழாயைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்தார்.

"நம்ம ஊரு போர்த் தண்ணியப் பத்தி எனக்குத் தெரியாதா? பூமிக்குள்ள பூராவும் சுண்ணாம்பு. ஒரு வாரம் குடத்துல வச்சாக்க உள்ளாற வெள்ளையடிச்சாப்புல படிஞ்சிடும். அதப் போயி பேட்டரிக்கு ஊத்துவனா? ஒண்ணு கேக்குறேன். நீங்க எங்கட்ட கடைசியா கேன் வாங்குனது எப்போ?"

எப்போது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

போன ஆவணியில். செந்துறையில் அவர் கடை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கி, அஞ்சு லிட்டர் கேனை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, தரையில் சிந்தியிருந்த ஆயிலில் கேலிப்பர் வழுக்கியது. விழுந்தாள். கேன் உருண்டு ரோட்டுக்குப் போனது. எதிரே பஸ் ஸ்டாண்டு. மூன்று பேர் ஓடிவந்து தூக்கினார்கள். பஸ் சன்னலிலிருந்து ஒரு பொம்பளை "அய்யோ பாவம், இதெல்லாம் எதுக்கு வண்டி ஓட்டிக்கிட்டு" என்று சொன்னது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் முழங்காலுக்கு நேரே புடவை கிழிந்திருந்ததைச் சின்னம்மாள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து கமலவேணி வழியில் எங்கேயும் இறங்குவதில்லை. காய்கறிக்கடையில்கூட வண்டியில் உட்கார்ந்தபடியே பையை நீட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் அப்போதுதான் சின்னம்மாள் தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். "நீ குனிஞ்சு நிமிர வாணாம். புனல வச்சு ஊத்துறதுதான? நான் பாத்துக்குறேன்."

"ஆவணியில" என்றார் அய்யம்பெருமாளே. "ஏழு மாசம் ஆச்சு. அஞ்சு லிட்டரு இந்த எட்டுக்கு மிஞ்சிப்போனா ரெண்டு மாசம் வரும். நானும் கேக்கல. என் வாசல்ல விழுந்தீங்க, அதனால வேற கடையில வாங்குறீங்கபோலன்னு இருந்துட்டேன்."

"இல்லையே. நம்ம கேன்லதான் இன்னும் இருக்கே. நான் மாசா மாசம் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இருக்கு, இருக்குன்னுதான் அம்மா சொல்லும்."

"எங்க, அந்தக் கேனக் கொண்டாங்க."

கேன் மாட்டுக்கொட்டகை மூலையில், ஈரச்சாக்கு சுற்றி, மூடி போட்டு, முக்கால் அளவுக்கு இருந்தது. சின்னம்மாளே கொண்டுவந்து வைத்தாள். அய்யம்பெருமாள் தன் பையிலிருந்து புதுக் கேன் ஒன்றை எடுத்துச் சீல் உடைத்தார். இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் இதையும் ஒன்றில் அதையும் ஊற்றினார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். மீட்டரின் இரண்டு கம்பியையும் புதுத் தண்ணீரில் விட்டார்.

"முள்ளப் பாருங்கம்மா. ஆடுதா?"

ஆடவில்லை.

"சுத்தமான தண்ணியில கரண்டு ஓடாது. இப்ப இதப் பாருங்க."

வீட்டுக் கேன் தண்ணீரில் விட்டதும் முள் துள்ளி ஏறிப் பாதி வட்டத்தில் நின்றது.

கொட்டகையில் ஆடு ஒன்று தும்மியது. கமலவேணி நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சின்னம்மாள் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு, கறுத்த விரல்களால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அது காலியாயி வெகுநாளு ஆச்சுடி" என்றாள்.

"அப்ப இது?"

"உப்புத் தண்ணி இல்லடி! பம்புத் தண்ணியத் தொடவே இல்ல, சத்தியமா. ஏரிக்கரக் கேணித் தண்ணி. ஊரே அதத்தான குடிக்குது? நல்ல தண்ணி. சனிக்கெழம சனிக்கெழம வெள்ளன எந்திரிச்சுப் போயி, யாரும் வாளி விட்டுக் கலக்குறதுக்கு முன்னாடி மொண்டாந்தேன். வேட்டித் துணியில வடிகட்டினேன். கொதிக்க வச்சு ஆற வச்சேன். குடிக்கிற தண்ணியில சீரகம் போடுவோம்ல, அதுகூடப் போடல தம்பி. வெறுந்தண்ணிதான்."

அய்யம்பெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"பெரியம்மா, மனுசனுக்கு அது தேவாமிர்தம். ஆனா அதுலயும் சுண்ணாம்பு இருக்கு. கொதிக்க வச்சாலும் பூரா போவாது, வடிகட்டினாலும் போவாது. இது மருந்துக்குப் பத்தியம் மாதிரி, ஒண்ணுமே இல்லாத தண்ணிதான் சேரும். நடுவுல இருக்கறதுங்க சூடு ஏறி அதிகமாக் குடிக்கும். மூணு, நாலு, ஆறு. அதிகமாக் குடிச்சதுங்கதான் மொதல்ல படுத்திருக்கு."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றாள் கமலவேணி. "கேன் தீந்துபோச்சுன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கென்னா?"

"சொன்னா?"

"சொன்னா வாங்கியாந்திருப்பேன்."

"எறங்கித்தான வாங்கணும்? அன்னைக்கு நீ வந்த கோலத்த நான் பாத்தேன்ல. முட்டியில ரத்தம், வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. அப்புறம் எங்கயும் எறங்கறதே இல்லன்னு எனக்குத் தெரியாதா? சரி, எறங்காமயே இருக்கட்டும் எம்புள்ளன்னுதான்..." சின்னம்மாள் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நானே கெடுத்துப்புட்டேன். போச்சு. எல்லாம் போச்சு."

கமலவேணிக்குக் கோபம் வந்தது. முதலில் அம்மாமேல், அப்புறம் அந்தப் பஸ் சன்னல் பொம்பளைமேல், அப்புறம் தன்மேலேயே. எதுவும் நிலைக்கவில்லை. ஐந்து மாதமாக, வாரா வாரம், விடியுமுன் அரை மைல் நடந்து இடுப்பில் குடத்தோடு திரும்பி வந்த அம்மாதான் கண்முன் நின்றாள். அவள் தாங்கி நடந்ததெல்லாம் இந்த வண்டிக்கு விஷம்.

அய்யம்பெருமாள் தொண்டையைச் செருமினார்.

"சொல்றதக் கேளுங்க. எட்டுலயும் இருக்கறதக் கவுத்துக் கொட்டிட்டு, ரெண்டு தடவ நம்ம தண்ணி விட்டு அலசி, புது ஆசிட் ஊத்தி, கடையில வச்சு நிதானமா சார்ஜ் ஏத்துறேன். ரெண்டு நாளு ஆவும். ஞாயித்துக்கெழம சாயந்தரம் மாட்டித் தரேன். உசுரு வரும். ஆனா பழைய தெம்பு வராது. போயிட்டு வர்ற நாப்பது கிலோமீட்டரு ஒரே மூச்சுல முடியாது. அரியலூரு வரைக்கும் போவும். அங்க கரண்டுல சொருவிப் போட்டீங்கன்னா, சாயந்தரம் திரும்பி வரும்."

"ஆபீசுல சொருவ முடியாது அண்ணே. கவர்மெண்டு கரண்டு."

"ஆபீசுல யாரு சொருவச் சொன்னா? எதுத்தாப்புல வெல்டிங் பட்டறை இருக்குல்ல? தர்மன் பட்டறை. அவனுக்கு வெல்டிங்குக்கே அம்மாங் கரண்டு ஓடுது, இது ஒரு கணக்கே இல்ல. போயிக் கேளுங்க."

"பட்டறையிலயா?" அந்தப் பட்டறையை அவளுக்குத் தெரியும். வாசலில் எப்போதும் ஏழெட்டு ஆம்பளைகள் லாரி பாடிக்கு வெல்டு வைக்கக் காத்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். தரை பூராவும் இரும்புத் துண்டு. "அங்க எறங்கணுமே."

"ஆமாம்மா, எறங்கணும்" என்றார் அவர், ஒயர்களைச் சுருட்டிக்கொண்டே. "நான் வேணா அவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லி வைக்கட்டுமா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா தூணோடு தூணாக நின்றுகொண்டிருந்தாள்.

"வாணாம் அண்ணே. நானே கேட்டுக்குறேன்."

அன்று சாயங்காலம் டிராக்டர் டிரெய்லரில் எட்டு பேட்டரியும் செந்துறைக்குப் போயின. சீட்டுகள் தூக்கியபடி, உள்ளே காலியாக, வண்டி வாசலில் நின்றது. கமலவேணி பழனிவேலுக்குப் போன் போட்டாள்.

"லாரி வாணாம்டா."

"அக்கா, திரும்பத் திரும்ப இதையே..."

"மூணு பேட்டரிதான் கோளாறு. சரிபண்ணக் குடுத்திருக்கு. அரியலூரு வரைக்கும் போவும்."

"வரைக்கும்னா? திரும்பி வர?"

"திரும்பி வர்றத நான் பாத்துக்குறேன்."

"எப்புடி கெட்டுச்சாம்?"

கமலவேணி அம்மாவைப் பார்த்தாள். சின்னம்மாள் அடுப்படியில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டி பிடித்த கை இப்போது நின்றுவிட்டது.

"பழசுல்ல" என்றாள் கமலவேணி. "பழசாயிடுச்சு, அதான்."

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கே கிளம்பினாள். வழியெல்லாம் அவள் கண் ரோட்டைவிட விளக்கு எரியும் அந்தச் சின்ன வட்டத்தின்மேல்தான் அதிகம் இருந்தது. முந்திரிக்காடு. செந்துறை. புளியமரத்து வளைவு. எடைமேடையில் சுண்ணாம்புப் புழுதிக்குள் லாரிகள் நின்றன. ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று போய் முடிய ஒரு யுகம் ஆனது. விளக்கு எரியவில்லை. ஆபீஸ் வாசலைத் தாண்டி, எதிர்ப்பக்கம் திருப்பி, பட்டறை முன்னால் நிறுத்தினாள்.

உள்ளே நீலத் தீ தெறித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஆறு பேர். ஒருத்தர் டீ கிளாசோடு நின்றார்.

ஹாரன் அடித்தால் யாராவது வருவார்கள். கை ஹாரன்மேல் போனது. எடுத்துவிட்டாள். கதவைத் திறந்தாள். முதலில் வலது காலை ஊன்றி, இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தாள். கேலிப்பரின் பூட்டு சடக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஆறு பேரும் திரும்பினார்கள். தரையில் இரும்புச் சீவல்கள் மினுங்கின. பின்சீட்டிலிருந்த ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக இடம் பார்த்து வைத்து நடந்தாள். பதினைந்து அடி இருக்கும். அரியலூர் வந்து சேர்ந்த இருபது கிலோமீட்டரைவிட அது நீளமாக இருந்தது.

வெல்டிங் நின்றது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு தர்மன் வந்தார்.

"என்னம்மா வேணும்?"

"கரண்டு" என்றாள் கமலவேணி. "எதுத்த ஆபீசுலதான் இருக்கேன். வண்டிக்கு தெனமும் சாயந்தரம் வரைக்கும் கரண்டு வேணும். ஆவுற காசு குடுத்துடுறேன்."

அவர் அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சுவரோரம் கிடந்த ஒரு ஆங்கிள் இரும்பைக் காலால் தள்ளிவிட்டார்.

"அந்த மூலையில பதினஞ்சு ஆம்ப்ஸ் பாயிண்டு இருக்கு. பாத்து வாங்க, அங்கன ஆயிலு கெடக்கு."

சாயங்காலம் மதகடியில் சின்னம்மாள் நின்றிருந்தாள். இடுப்புக் குடத்தில் ஏரிக்கரைக் கேணித் தண்ணீர், குடிப்பதற்கு. வண்டி வந்து பக்கத்தில் நின்றதும் குனிந்து சன்னல் வழியாகப் பார்த்தாள், மகள் முகத்தை அல்ல, அந்த வட்டத்தை.

"எங்க எரிஞ்சிச்சு?"

"எரியல."

"போறப்பவா, வர்றப்பவா?"

"ரெண்டுலயும் எரியலம்மா."

சின்னம்மாள் குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். பிறகு, கேட்கப் பயந்தவளாகக் கேட்டாள்:

"எறங்குனியா?"

"எறங்குனேன்."

"ஆளுங்க இருந்தாங்களா?"

"ஆறு பேரு."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க" என்றாள் கமலவேணி. "பாத்துட்டு, அவங்கவங்க வேலையப் பாத்தாங்க."

அவள் சாய்ந்து இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். சின்னம்மாள் கதவையும் குடத்தையும் பார்த்தாள். வண்டிக்கு முன்னால் வந்த கோழி ஒன்று வழக்கம்போல் நகராமல் நின்றது.

"என் கனம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஏறும்மா. தாங்குதான்னு பாப்போம்."

சின்னம்மாள் ஏறி உட்கார்ந்து, தளும்பாமல் குடத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கமலவேணி ஹாரன் அடித்தாள். கோழி நகர்ந்தது. வீடு வந்து சேரும் வரை இரண்டு பேருமே அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எரியவில்லை.